ஹாஸ்டல் காலி, ஊருக்கும் போக முடியவில்லை: சென்னையில் ஒரு கோடை

கேள்வி: மேடம், எனக்கு அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்திருக்கிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். லீவுக்கு ஹாஸ்டலை மூடிவிட்டதால் வேளச்சேரியில் ஒரு லேடீஸ் பிஜியில் இருக்கிறேன். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆபீஸில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் சென்னைப் பிள்ளைகள், சனிக்கிழமை ஆனால் மால், கஃபே, சினிமா என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டு தடவை கூடப் போனேன், ஒவ்வொரு தடவையும் எண்ணூறு, தொள்ளாயிரம் காலி. ஸ்டைபெண்டே எட்டாயிரம், அதில் ஏழாயிரம் பிஜிக்கே போகிறது. அவர்கள் இங்கிலீஷில் பேசிச் சிரிப்பது எனக்குப் புரியும், ஆனால் நான் பதில் யோசிப்பதற்குள் பேச்சு மாறிவிடும். அடுத்து ஈசிஆரில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று ப்ளான் போட்டார்கள், நான் வரவில்லை என்றேன், அதிலிருந்து கூப்பிடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மா கூப்பிட்டால் ஃப்ரெண்ட்ஸோடு பீச்சில் இருக்கிறேன் என்று பொய் சொல்கிறேன். என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறதா? பேசாமல் இன்டர்ன்ஷிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடட்டுமா?
- பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: ஊருக்குப் போவதைப் பற்றி அப்புறம் பேசலாம். குறை இருக்கிறதா என்று கேட்டீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். உங்களிடம் எந்தக் குறையும் இல்லைம்மா. 'என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழகத் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஊருக்குப் போக ஃப்ரெண்ட்ஸ் எங்கிருந்து வந்திருப்பார்கள்? மூன்று வருடமாக ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, காலையில் குளிக்க ஒரே வரிசையில் பக்கெட்டோடு நின்று, செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஒரே நோட்டைச் சுற்றி உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள், அதில் தானாக வளர்ந்த நட்பு அது. நீங்கள் அதற்காக மெனக்கெடவே தேவை இருக்கவில்லை. ஹாஸ்டல் கேட்டை மூடிய அன்றைக்கு அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் நின்றுவிட்டது, அதனால்தான் இப்படி இருக்கிறது.

இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர், புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்து, நட்பு உண்டாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார். 2018-இல் வெளிவந்த ஆய்வு அது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆகவே ஏறத்தாழ 50 மணி நேரம் ஒன்றாகக் கழித்திருக்க வேண்டியிருக்கிறது, நல்ல நண்பர் ஆக 90, நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல். வேலை செய்யும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக உதவுவதில்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். அப்படியானால் நாள் முழுக்க ஒரே ஹாலில் இருந்தும் ஒட்டவில்லையே என்று நீங்கள் நினைப்பதற்கு அவசியமே இல்லை, அங்கே நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹாஸ்டலில் ஒரே மாதத்தில் சேர்ந்துவிடும் அந்த 200 மணி நேரத்தை, வாரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் யாராலும் சேர்க்க முடியாது. உயிர்த்தோழி ஒருத்தி ஜூன் கடைசிக்குள் கிடைத்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், சேர்ந்து சாப்பிட ஒருத்தர் இருந்தால் இந்தக் கோடைக்குப் போதும், அது நிச்சயம் நடக்கக்கூடியது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நீங்கள் ஆபீஸையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் உங்கள் பிஜியில் ஆரம்பிக்கச் சொல்வேன். இதற்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் எம்ஐடி (நம் குரோம்பேட்டை எம்ஐடி இல்லை) வளாகத்தில் குடும்பத்தோடு தங்கிப் படித்த மாணவர்களின் குடியிருப்பில் யார் யாரோடு நண்பர்கள் ஆனார்கள் என்று மூன்று பேர் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரை ஒருவர் நெருங்கிய நண்பராகச் சொன்னார்கள், அதே மாடியின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களில் வெறும் 10 சதவீதம். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட மேல்மாடியில் அதிக நண்பர்கள் இருந்தார்கள், காரணம் ஆட்கள் அந்த வழியாகத்தான் தினமும் ஏறி இறங்கினார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

உங்கள் பிஜியிலும் அப்படி ஒரு மாடிப்படி இருக்கும். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர், மெஸ் டேபிள், சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும் நேரம். பெரும்பாலான பிஜிக்களில் நடப்பது என்ன, தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டு எல்லாரும் ரூமுக்குப் போய்விடுவார்கள், காதில் இயர்போன், கையில் போன், ஒரே ரூமில் மூன்று கட்டிலில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். நீங்கள் ரூமுக்கு எடுத்துப் போகாதீர்கள். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டு தினமும் அதே நேரத்துக்கு டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், போனை ரூமிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முதல் நாலைந்து நாள் யாரும் பேசமாட்டார்கள், சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. 'இன்னைக்கும் கொத்தவரங்காயா' என்று யாராவது வாயைத் திறக்கும் நாள் வரும். அப்புறம் ஞாயிறு ராத்திரி. நிறைய பிஜிக்களில் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, எல்லாரும் ஸ்விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துக் கட்டில் அக்காவிடம், 'கீழே போய் பரோட்டா சாப்பிடப் போறேன், வர்றீங்களா' என்று கேளுங்கள். பெரும்பாலும் வருவார், ஏனென்றால் அவரும் தனியாகப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் ஆர்டர் போடுகிறார். வரவில்லை என்றால் தலைவலியாக இருக்கும், மீட்டிங் இருக்கும். அடுத்த வாரமும் கேளுங்கள்.

இப்போது ஆபீஸ் பிள்ளைகள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம், பெரும்பாலும் அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை, 'அவள் வரமாட்டாள்' என்று முடிவு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சென்னைப் பிள்ளைகள் மாலே கதி என்று கிடப்பதற்குப் பாதிக் காரணம் ஏசி. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு வேறு எங்கே போய் நான்கு பேர் மூன்று மணி நேரம் உட்கார முடியும்? உள்ளே போகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஃபுட் கோர்ட்டிலும் சினிமா இடைவேளையிலும்தான் பணம் போகிறது. அதனால் பிஜியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், 'நான் சாப்பிட்டுட்டேன், ஒரு லைம் ஜூஸ் மட்டும்' என்று சொல்ல முடியும். அதைவிட நல்லது, வெளிப்படையாக ஒரே ஒரு தடவை சொல்லிவிடுவது: 'எனக்கு மாசக் கடைசி டைட்டு, வாரா வாரம் எண்ணூறு செலவு பண்ண முடியாது, நூறு நூத்தம்பதுக்குள்ள எங்கயாவது போனா கண்டிப்பா வரேன்.' இதைச் சொல்ல நாக்கு எழாது, எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் வரும் மாணவர்கள் பலரும் இதே விஷயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, நண்பர்கள் நம்மைக் கேவலமாக நினைப்பார்கள் என்று பயந்து கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவராவது இருக்கலாம், நீங்கள் வாயைத் திறந்தால் முதலில் நிம்மதி அடைவது அவராகத்தான் இருக்கும். நீங்கள் அழைப்பவராகவும் மாறலாம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெயில் தாழ்ந்த பிறகு பெசன்ட் நகர் கடற்கரை, ஆளுக்கு ஒரு சுண்டல், ஒரு தட்டு பஜ்ஜி. இருபத்தொரு வயதில் பேசிக்கொண்டிருக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்கிலீஷ் விஷயம். ஆறு பேர் இருக்கும் கூட்டத்தில் ஜோக்குக்கு ஜோக்கு பதில் சொல்வது யாருக்கும் கஷ்டம், இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களிலேயே பாதிப் பேர் சும்மா சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கூட்டத்தை விடுங்கள், ஒருவரைப் பிடியுங்கள். நாலு மணி டீக்குப் போகும்போது, அந்த ஆறு பேரில் கொஞ்சம் அமைதியாக இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டே பேர் என்றால் பேச்சு தானாகத் தமிழுக்கு வந்துவிடும். பேசிவிட்டு வந்த பிறகு 'ஐயோ, போர் அடித்திருப்பேனோ' என்று மனசு பிராண்டும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அறிமுகமில்லாதவர்களை இரண்டு இரண்டு பேராகப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்ட ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. எதிரே இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள், கூச்ச சுபாவக்காரர்கள் இன்னும் குறைத்து. கல்லூரியில் அறை பகிர்ந்துகொண்ட முதலாண்டு மாணவர்களிடம்கூட இந்தத் தப்புக் கணக்கு மாதக்கணக்கில் நீடித்திருக்கிறது. அதனால் 'என்னைப் பிடிக்கவில்லை' என்று உங்கள் மனசு சொல்லும்போது அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஈசிஆர் போகாதது பற்றி: நீங்கள் செய்தது சரி. பழகி ஒரு மாதம்கூட ஆகாதவர்களோடு ராத்திரி தங்க மனசு ஒப்பவில்லை என்றால் அதற்கு விளக்கமே வேண்டியதில்லை. ஆனால் 'வரல' என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் வரவில்லை என்று ஆகிவிடுகிறது. 'ராத்திரி தங்கமாட்டேன், அடுத்த சனிக்கிழமை டீக்கு வரேன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இப்போதும் நேரம் தப்பவில்லை, திங்கட்கிழமை போய் 'ட்ரிப் எப்படி இருந்துச்சு, போட்டோ காட்டுங்க' என்று நீங்களே கேட்கலாம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அதிகக் கவலை. காலை பத்து மணிக்கு ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால், ஊருக்குப் போன ஃப்ரெண்ட்ஸ் மாந்தோப்பில் எடுத்த போட்டோவும், ஆபீஸ் பிள்ளைகள் ஈசிஆரில் எடுத்த போட்டோவும் மாறி மாறி வரும். அதைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் அந்தக் கட்டிலில் கிடந்தால் யாருக்கும் மனசு வாடிப்போகும். ஊர் சுற்றிப் பாருங்கள், மியூசியம் போங்கள், மகாபலிபுரம் போங்கள் என்று நீண்ட பட்டியல் தரமாட்டேன். வாரம் ஒரு புது இடம் என்று சுற்றினால் வாரா வாரம் புது மனிதர்கள், யாருமே தெரிந்தவர் ஆகமாட்டார்கள். ஒரே ஓர் இடம், ஒரே நேரம், ஜூன் கடைசி வரை. என்னைக் கேட்டால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைச் சொல்வேன். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். இல்லை என்றால் விடியல் பயண பஸ், பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2010-இல் திறந்த அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு கட்ட வேண்டியதில்லை, குளுகுளு என்று இருக்கும், நம் சொந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதியில் டிஎன்பிஎஸ்சிக்கும் யுபிஎஸ்சிக்கும் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக. மதியம் வெளியே வந்து டப்பாவைத் திறக்கும்போது யார் எந்த ஊர் என்ற பேச்சு வரும். அதில் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பிள்ளைகள் இல்லாமல் இருக்கவேமாட்டார்கள். எடுத்த எடுப்பில் போய்ப் பேச வேண்டாம். ஏறத்தாழ அதே மேசை, அதே நேரம். மூன்றாவது வாரம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் அளவுக்காவது ஒருவர் பழக்கம் ஆகிவிடுவார்.

படிப்பதில் ஆர்வம் இல்லை என்றால், கையால் செய்யும் வேலை இருக்கும் இடமாகப் பாருங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு அது ரொம்பவே வசதி, பேச்சு நின்றாலும் கைக்கு வேலை இருக்கும். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரவும், பாடங்களை வாசித்துப் பதிவு செய்யவும் இந்த ஊரில் எப்போதும் ஆள் தேவைப்படுகிறது, உங்கள் கல்லூரி என்எஸ்எஸ் பொறுப்பாளரிடம் கேட்டாலே வழி சொல்வார். அடுத்த வருடம் சனவரியில் நீங்கள் இங்கேதானே இருப்பீர்கள், கடலாமை நடைக்குப் போய்ப் பாருங்கள். 1988-இல் மாணவர்கள் தொடங்கி இன்று வரை தன்னார்வலர்களே நடத்துவது. முட்டையிடும் பருவத்தில் ராத்திரிகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்தில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள், வெள்ளி, சனி ராத்திரிகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். முன்பின் தெரியாதவர்களோடு இருட்டில் ஏழு கிலோமீட்டர் போல நடக்கும்போது யார் இங்கிலீஷ், யார் தமிழ் என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தனிமை அதிகமாக இருக்கும் நேரத்தில், ஃப்ரெண்ட்ஸ் தேடித் தரும் ஆப்களில் இரண்டு நாள் இனிமையாகப் பேசும் யாரும் ரொம்ப நெருக்கமாகத் தெரிவார்கள். யாரையாவது நேரில் பார்க்கப் போனால் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ரூம்மேட்டிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பணம் கேட்டால் அன்றைக்கே பிளாக் செய்துவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லும் பொய்க்கு வருகிறேன். ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. 'போர் அடிக்குதும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் 'மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்பி வா' என்பார், அப்பா 'அதான் அப்பவே சொன்னேன்' என்பார், அடுத்த தடவை வெளியூரில் வேலை கிடைத்தால் அனுப்ப யோசிப்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் உங்களுக்கு இப்போது மனசுவிட்டுப் பேச இருக்கும் ஒரே ஆள் அம்மாதான், அவரிடமும் நடித்துக்கொண்டிருந்தால் தனிமை இரண்டு மடங்காகத் தெரியும். பயத்தைத் தவிர்த்துவிட்டு உண்மையைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, முடிவை முதலில் சொல்லிவிடுங்கள்: 'அம்மா, நான் ஜூன் முடியற வரைக்கும் இருந்து முடிச்சுட்டுதான் வருவேன், வேலை பிடிச்சிருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் யாரும் இல்லாம ஒரு மாதிரி இருக்கு, நீ அன்னைக்குக் கொஞ்சம் நேரம் அதிகமா பேசு.' என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் அம்மாக்களுக்குப் பதற்றம் குறைந்துவிடும். நீங்கள் சமைக்காத ரசத்துக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார், பேசட்டும்.

இதெல்லாம் சாதாரணத் தனிமைக்கு. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டுப்போயிருந்தாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும்கூட, எனக்கு மறுபடி கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416-க்கு அழையுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022-இலிருந்து இருக்கிறது, எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஊருக்குப் போகட்டுமா என்றால், போங்கள், ஆனால் இன்டர்ன்ஷிப்பை விட்டுவிட்டு வேண்டாம். இதை இப்போது பாதியில் விட்டால், அடுத்த வருடம் வேலைக்காக இதே ஊருக்கோ பெங்களூருக்கோ போகும்போது முதல் மாதம் இதே மாதிரி இருக்கும், அன்றைக்கும் விட்டுவிடத் தோன்றும். வேலை பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், உங்கள் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினால் விடியும்போது ஊரில் இருப்பீர்கள், இரண்டு நாள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு ராத்திரி திரும்பலாம். எப்படியும் மாசத்துக்கு ஒரு தடவை அப்படிப் போகலாம், அது தோற்றுப்போனதாக ஆகாது. வரும்போது முறுக்கோ அதிரசமோ ஒரு டப்பா கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள், திங்கட்கிழமை ராத்திரி அதை மெஸ் டேபிளில் திறந்து வைத்தால் யாரும் இயர்போனோடு ரூமுக்குப் போகமாட்டார்கள். சீசன் நேரம், கடைசி நிமிடத்தில் சீட் கிடைக்காது. டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து.